நன்றி சொல்ல ஆறு பேர்

அரசாங்க ஆய்வுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அண்ணன் லேபிள் அடிக்கிற மிஷின் ஒன்று வாங்கி வந்தார். அன்று சாயந்திரத்துக்குள் அந்தக் கிளினிக்கில் எது எது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லாமல் போயிற்று. கதவில் ‘கதவு’ என்று இருந்தது. ஜன்னலில் ‘ஜன்னல் (திறக்கக்கூடியது)’ என்று இருந்தது. சோப்புக்கு மேலே ‘சோப்பு’, அதற்குக் கீழே சோப்பு தீர்ந்தால் யாரிடம் சொல்லவேண்டும் என்று இன்னொன்று. சிஸ்டர் மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்தபோது அவருடைய நாற்காலியின் முதுகில் ‘செவிலியர்’ என்று ஒட்டியிருந்தது.

“நான் எந்திரிச்சுப் போயிட்டா நாற்காலிதான் ஊசி போடுமா சார்?” என்று கேட்டார்.

அண்ணன் அதை ஒரு நியாயமான சந்தேகமாகவே எடுத்துக்கொண்டு, பக்கத்தில் ‘அமரும் இடம்’ என்று சேர்த்து ஒட்டினார்.

கிளினிக் கீழே, குடியிருப்பு மாடியில். இருப்பது மூன்று பேர், கூடப்பிறந்தவர்கள். நடுவில் பிறந்தவர் டாக்டரம்மா. இருபத்தாறு வருஷமாக அந்தத் தெருவின் காய்ச்சலும் இருமலும் அவரிடம் சொல்லிக்கொண்டுதான் வந்துபோகின்றன. கடைக்குட்டியும் டாக்டர், நாற்பத்தெட்டு வயதாகியும் தம்பி டாக்டர் என்றுதான் பெயர். மூத்தவர் அண்ணன். அவர் பெயின்ட் கம்பெனி ஒன்றில் ஸ்டோர்ஸ் பார்த்து ஓய்வுபெற்றவர். மாடியில் சும்மா உட்கார்ந்திருக்க முடியாமல், ஒரு திங்கட்கிழமை காலையில் சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு கீழே இறங்கி வந்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டார். யாரும் கொடுக்கவில்லை, அவராகவே ஏற்றுக்கொண்டார். வாசலில் இரண்டு டாக்டர்களின் பேரும் ஒரே பலகையில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்க, அண்ணனுக்குத் தனிப்பலகை: ‘நிர்வாக இயக்குநர்’. மழை வந்தால் நாலு பேர் அதன் கீழே ஒதுங்கலாம்.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவர் வந்த பிறகுதான் டோக்கன் வந்தது. அதற்கு முன்னால் யார் முதலில் வந்தது என்பதில் காய்ச்சல்காரரும் வயிற்றுவலிக்காரரும் கைகலக்கும் அளவுக்குப் போயிருக்கிறார்கள். பழைய சீட்டுக்கு மாத்திரையைப் புதுப்பிக்க வருகிறவர்களுக்குத் தனி ஜன்னல் வைத்ததும் அவர்தான். அவர் புதுச் சீட்டைக் கம்ப்யூட்டரில் அடித்து அச்செடுப்பார். அந்தக் கட்டு மத்தியானம் மாடிக்குப் போகும். டாக்டரம்மா ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் பேனாவுமாகக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். ஒரு நாளைக்கு எண்பது டோக்கன் பார்க்கிறவருக்கு அதைவிட நிதானமாகச் செய்ய நேரமும் இல்லை.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய ஆய்வில் ‘மேம்பாடு தேவை’ என்று எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். இந்தத் தடவையும் அதே வார்த்தை வந்தால் உரிமம் நிறுத்திவைக்கப்படும் என்று ஆய்வு பற்றி வந்த கடிதத்தில் தெளிவாக இருந்தது. அடுத்த கிளினிக் இரண்டு பஸ் தள்ளி. மூன்று பேருக்கும் வேறு வேலையும் தெரியாது, வேறு வீடும் கிடையாது.

“எதை மேம்படுத்தணும்னு தெளிவா எழுதலையே அண்ணா,” என்றார் தம்பி டாக்டர்.

“எல்லாத்தையும்னு அர்த்தம்,” என்றார் அண்ணன். அவருக்கு அந்த அர்த்தம் பிடித்திருந்தது.

கடிதத்தின் கடைசி வரி, நோயாளிகளின் கருத்தும் கேட்கப்படும் என்று சொல்லியது. அண்ணன் அதற்கு அடியில் கோடு போட்டார். பெயின்ட் கம்பெனியில் மேலதிகாரி வரும்போது நல்ல டப்பாக்களை முன்னால் அடுக்கிப் பழக்கப்பட்டவர் அவர். நன்றாகப் பேசக்கூடிய, நன்றி மறக்காத ஆறு பேரைத் தேர்ந்தெடுத்தார். கணக்கு டீச்சர், பஸ் கண்டக்டர், சலவைக் கடைக்காரர், இன்னும் இரண்டு பேர், இவர்களுக்கெல்லாம் தலைவராகத் தையல்காரர். ஆய்வன்று காலை எட்டரைக்கே தேய்த்த சட்டையோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிட வேண்டும் என்று ஏற்பாடு. யாரும் பொய் சொல்ல வேண்டாம், உள்ளதைச் சொன்னால் போதும் என்று அண்ணன் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அவர்களும் அப்படியே செய்தார்கள். வினை அங்கேதான் இருந்தது.

அன்று காலை அண்ணன் வாசலிலேயே நின்றார். ஒரு கார், அதிலிருந்து இறங்கும் மூன்று நான்கு பேர், பின்னால் ஃபைல் தூக்கிக்கொண்டு ஒருவர் என்று மனதில் ஒரு படம் வைத்திருந்தார். ஒன்பதுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் துணிப்பையும் கையில் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். லேசாக ஜலதோஷம். “நான் வந்து…” என்று ஆரம்பித்தார்.

“எல்லாரும் வந்துதான் இருக்காங்க,” என்ற அண்ணன், பதினேழாம் நம்பர் டோக்கனைக் கையில் கொடுத்தார். “முன்வரிசை இன்னிக்கு ரிசர்வ். பின்னாடி உக்காருங்க. பெரிய அதிகாரிங்க வர்ற நேரம், வழியில நிக்காதீங்க.”

அந்த அம்மா டோக்கனைப் பார்த்தார். முன்வரிசையில் விறைப்பாக உட்கார்ந்திருந்த ஆறு பேரையும் பார்த்தார். அவர்களுக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டார்.

இருபது நிமிடமாக ஒத்திகை பார்த்துப் பார்த்து, சொல்ல ஆள் கிடைக்காமல் தவித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பின்னால் ஒரு புதுமுகம் வந்து உட்கார்ந்தால் சும்மா இருப்பார்களா. இங்கே முதல் தடவையா என்று கணக்கு டீச்சர்தான் திரும்பிக் கேட்டார். ஆமாம் என்றதும், இது கிளினிக்கே இல்லை, ஒரு குடும்பம் என்றார். இங்கே ஒளிவு மறைவே கிடையாது; டாக்டர் ரூமில் பேசுவது இங்கே வரைக்கும் கணீரென்று கேட்கும்; எதிர்வீட்டுக்காரருக்கு மூலம் என்பது அவர் மனைவிக்குத் தெரிவதற்கு முன்னால் தனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னார். அந்த அம்மா பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்தார்.

கண்டக்டர் விட்டுக்கொடுக்கவில்லை. தான் உள்ளே வந்தே ஆறு மாதம் ஆகிறது என்றார். பஸ் இந்த முனையில் திரும்பும்போது ஒரு விசில் கொடுத்தால் போதும், அண்ணன் ஜன்னல் வழியாகவே பிரஷர் மாத்திரையை நீட்டிவிடுவார். வண்டியை நிறுத்தக்கூட வேண்டியதில்லை. பிரஷரை எப்போது அளப்பார்கள் என்று அந்த அம்மா கேட்டதற்கு, ஓடுகிற வண்டியில் எப்படி அளக்க முடியும் என்று அவர் பதிலுக்குக் கேட்டார். சலவைக் கடைக்காரர், டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுக்கவே மாட்டார், வாசலில் வரும்போதே முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார், அவ்வளவு கைராசி என்றார். ஜலதோஷத்தை உறிஞ்சிக்கொண்டே அந்த அம்மா எழுதிக்கொண்டு போனார். அவ்வளவு கவனமாகக் கேட்கிற ஒருவரை அவர்கள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. ஒருவரை ஒருவர் மிஞ்சிக்கொண்டு போனார்கள்.

கடைசியாகத் தையல்காரர் நாற்காலியையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

“இவங்க சொன்னதெல்லாம் ஒண்ணுமே இல்லம்மா. எங்க வீட்டம்மாவுக்கு விரலெல்லாம் வீங்கி, பட்டனுக்குக் காஜா எடுக்க ஊசியப் பிடிக்க முடியாம அழுதுக்கிட்டு இருந்தா. மூட்டுவாதம். டாக்டரம்மா ஒரு மாத்திரை குடுத்தாங்க. இப்ப ஒரு நாளைக்கு இருபது சட்டைக்குக் காஜா எடுக்கிறா. அவங்க எங்களுக்குத் தெய்வம்.”

“சந்தோஷம்யா. என்ன மாத்திரை அது?”

“மஞ்சளா, சின்னதா இருக்கும். வாரத்துக்கு ஒண்ணுதான், ஞாயித்துக்கிழமை மட்டும். அதிலயும் பாருங்க, அவ இங்க வரவே வேண்டியதில்ல. நான் வந்து ஜன்னல்ல சீட்டை நீட்டினாப் போதும்.”

அந்த அம்மாவின் பேனா நின்றது. “அவங்களுக்குக் கடைசியா ரத்தம் டெஸ்ட் பண்ணினது எப்போ?”

“அந்தத் தொந்தரவே இங்க கிடையாது,” என்றார் தையல்காரர், நெஞ்சை நிமிர்த்தி. “பெரிய ஆஸ்பத்திரியிலதான் மாசாமாசம் குத்துவாங்க. இங்க ஒரு வருஷமா ஒரு சொட்டு எடுக்கலயே.”

அந்த அம்மா நோட்டை மூடிவிட்டு எழுந்து நேராக டாக்டரம்மாவின் அறையை நோக்கி நடந்தார். அண்ணன் வாசலிலிருந்து ஓடிவந்து குறுக்கே நின்றார். ஒன்பதாம் நம்பரே இன்னும் வெளியே வரவில்லை, பதினேழுக்கு என்ன அவசரம் என்று அதட்டினார். அந்த அம்மா கழுத்துக்குள் கிடந்த அடையாள அட்டையை வெளியே எடுத்துக் காட்டினார்.

அண்ணன் அதைப் படித்தார். ஒரு தடவை வாசலைப் பார்த்தார், கார் ஏதும் வந்திருக்கிறதா என்று.

“உங்களைப் பிறகு பார்க்கிறேன் சார்,” என்றார் ஆய்வாளர். “அந்தத் தையல்காரர் வீட்டம்மா ஃபைலை எடுங்க. இப்பவே.”

டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில் அந்தப் பக்கம் திறந்ததும் நடுவில் சிவப்பாக ஒரு கட்டம் வந்தது. ரத்தப் பரிசோதனை நிலுவை, பதினான்கு மாதம். அந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தத்தையும் ஈரலையும் சிறுநீரகத்தையும் விடாமல் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். டாக்டருக்குப் படிக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். டாக்டரம்மாவுக்கும் தெரியும். அவர் அந்தச் சிவப்புக் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஜன்னலில் புதுப்பிக்கும் சீட்டுகளை அவர் திரையில் பார்ப்பதே இல்லை, தாளில் பார்ப்பார். தாளில் சிவப்பு வராது.

“இது ஏதோ சிஸ்டம் கோளாறு மேடம்…” என்று பின்னாலிருந்து அண்ணன் ஆரம்பித்தார்.

“அண்ணா, கொஞ்சம் பேசாம இரு,” என்றார் டாக்டரம்மா. பிறகு தையல்காரரை உள்ளே கூப்பிட்டார். “வீட்ல எப்படி இருக்காங்க? நிஜமாச் சொல்லுங்க. வாய்ல புண்ணு ஏதும் இருக்கா?”

தையல்காரர் ஆய்வாளரைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். எதைச் சொன்னால் கிளினிக்குக்கு நல்லது என்று யோசிக்கிறார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

“ரொம்ப நல்லா இருக்கா டாக்டரம்மா. குறையே இல்ல.”

“நான் உங்ககிட்ட சர்ட்டிபிகேட் கேக்கல. சாப்பிடறாங்களா?”

அவர் குரல் இறங்கிவிட்டது. “பத்து நாளாப் பாலும் ரொட்டியும்தான். வாயெல்லாம் வெந்து கிடக்கு. முந்தாநாள்லேர்ந்து காய்ச்சல். கையில அங்கங்க நீலமா இருக்கு, மிஷின்ல இடிச்சிக்கிட்டேன்னா. உங்களுக்கு இன்னிக்கு ஆய்வு. இந்த நேரத்துல கூட்டிட்டு வந்து உங்களுக்குக் கெட்ட பேரு வாங்கித் தரலாமா? நாளைக்குக் கூட்டிட்டு வரலாம்னுதான்…”

டாக்டரம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். எழுந்தவர், எதிரில் உட்கார்ந்திருப்பது யார் என்பது அப்போதுதான் ஞாபகம் வந்ததுபோல் ஒரு கணம் நின்றார். ஆய்வாளர் தன் நாற்காலியை வழியிலிருந்து இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“போங்க டாக்டர். ஆய்வு எங்கேயும் ஓடிடாது.”

அந்தத் தெரு டாக்டரம்மா ஓடி அதுவரை பார்த்ததில்லை. பின்னால் சிஸ்டர், அதற்குப் பின்னால் தேய்த்த சட்டை வெளியே வந்த கோலத்தில் தையல்காரர். தையல்காரர் மனைவி கடையின் உள்ளறையில், வெட்டிய துணிகளுக்கு நடுவில் சுருண்டு படுத்திருந்தார். உடம்பு அனலாகக் கொதித்தது. இத்தனை பேர் வந்து நிற்பதைப் பார்த்து, காஜா எடுக்க வேண்டியது இன்னும் ஏழு சட்டை பாக்கி இருக்கிறது என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். தம்பி டாக்டர் காரை எடுத்து வந்தார். அக்காவையும் நோயாளியையும் பெரிய ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்து, ஒன்றும் நடக்காததுபோல் பத்தாம் நம்பரைக் கூப்பிட்டார்.

இங்கே அண்ணனும் ஆய்வாளரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். ஆய்வாளர் டீ வேண்டாம் என்றுவிட்டார். பிஸ்கட்டும் வேண்டாம். பிறகு அண்ணனே ஆரம்பித்தார்.

“சிஸ்டம் கோளாறு இல்ல மேடம். நான்தான். அந்தச் சிவப்பு வரும். கீழே ‘சரி’ன்னு இருக்கும். அதை அமுக்கினாத்தான் பிரின்ட் வரும். ஜன்னல்ல ஆள் நிக்கறாங்க. அமுக்கிட்டேன்.”

“என்ன எழுதியிருக்குன்னு படிச்சீங்களா?”

“முதல் தடவை படிச்சேன். தங்கச்சிக்குத் தெரியாத விஷயமா கம்ப்யூட்டருக்குத் தெரிஞ்சிடப் போவுதுன்னு நினைச்சேன்.”

ஆய்வாளர் சுவரைச் சுற்றிப் பார்த்தார். “இந்த லேபிளெல்லாம் நீங்க ஒட்டினதா?”

“ஆமா.”

“நேரா, சுருக்கமில்லாம ஒட்டியிருக்கீங்க. பொறுமையான கை. இந்தக் கைக்கு நிஜமான வேலை ஒண்ணு தரேன், செய்வீங்களா?”

அந்த மாதிரி கண்காணிப்பு தேவைப்படும் மாத்திரைகளின் பட்டியலை அவர் தன் கையால் எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிடுகிறவர்கள் யார் யார், கடைசியாக ரத்தம் எடுத்தது எப்போது என்று கம்ப்யூட்டரில் தேடுவது எப்படி என்பதையும் பக்கத்தில் உட்கார்ந்து காட்டினார். இது அவருடைய வேலை இல்லை. அறிக்கையில் எழுதிவிட்டுப் போனால் அவர் கடமை முடிந்தது. பதினொரு பேர் கிடைத்தார்கள். அதில் நாலு பேருக்கு நாள் கடந்திருந்தது. அண்ணன் தொலைபேசியை எடுத்தார். வழக்கமாக ‘நிர்வாக இயக்குநர் பேசுகிறேன்’ என்று தொடங்குகிறவர் அன்றைக்கு, “டாக்டர் வீட்டு அண்ணன் பேசறேன், எங்க பக்கம் ஒரு தப்பு நடந்திருக்கு,” என்று தொடங்கினார். நாலு பேரும் இருட்டுவதற்குள் வந்து ரத்தம் கொடுத்துவிட்டுப் போனார்கள்.

டாக்டரம்மா திரும்பியபோது ஆய்வாளர் பையை மாட்டிக்கொண்டு நின்றார். நோயாளிக்கு வெள்ளை அணுக்கள் அடியோடு இறங்கிவிட்டன. சிறுநீரகம் சுணங்கிப்போய் மாத்திரை உடம்பிலேயே தங்கியிருக்கிறது. அதை முறிக்கிற மருந்து ஏற்றுகிறார்கள். நாளைக்குக் கொண்டு வந்திருந்தால் கஷ்டம் என்று அங்கே சொன்னதாக டாக்டரம்மா சொன்னார். சொல்லிவிட்டு, ஆய்வாளரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நான் எழுத வேண்டியதை எழுதத்தான் செய்வேன் டாக்டர்,” என்றார் ஆய்வாளர். கையை மட்டும் விடுவித்துக்கொள்ளவில்லை.

“எழுதுங்க. ரெண்டு மாசத்துக்கு ஒண்ணா ஏழு சீட்டு. ஏழுலயும் என் கையெழுத்துதான். அதையும் எழுதுங்க.”

தையல்காரர் மனைவிக்கு நாலாம் நாள் காய்ச்சல் விட்டது. டாக்டரம்மா தினமும் போனார். மன்னிப்புக் கேட்டார், மன்னிப்புக் கேட்கிற டாக்டரை முன்பின் பார்த்திராத தையல்காரர் பதறிப்போய்த் தானும் சேர்ந்து மன்னிப்புக் கேட்டார். கட்டிலில் இருந்தவர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, புண் ஆறாத வாயால் மெதுவாகப் பேசினார்.

“என் வியாதியப் பத்தி இவரைக் கேட்டீங்க, கம்ப்யூட்டரைக் கேட்டீங்க. ஒரு வருஷமா என்னை ஒருத்தர் கேக்கலியே டாக்டரம்மா. கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே.”

அதில் கோபம் இல்லை. அதனால்தான் டாக்டரம்மாவுக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அறிக்கை இருபத்து மூன்று நாள் கழித்து வந்தது. பத்தொன்பது குறைகள். கண்டக்டரின் விசில்கூட இருந்தது, ‘ஓடும் வாகனத்துக்கு மருந்து விநியோகம்’ என்ற தலைப்பில். தையல்காரர் மனைவியின் விஷயம் ‘உயிருக்கு ஆபத்தான பிழை’ என்று தனிப் பக்கத்தில் இருந்தது. ஆனால் உரிமத்தை நிறுத்தவில்லை. பிழையை மறைக்கவில்லை, அன்றைக்கே மற்றவர்களையும் தேடிப்பிடித்தார்கள் என்ற காரணம் காட்டி, மூன்று மாத அவகாசமும் மறு ஆய்வும் பரிந்துரைக்கப்பட்டிருந்தது.

அந்த மூன்று மாதத்தில் கிளினிக்கின் பேர் கெட்டது. டாக்டரம்மா ஒருவரைப் பார்க்க முன்னைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். அறைக்கு இரட்டைக் கதவு வந்ததில், கணக்கு டீச்சருக்குத் தெருவில் யாருக்கு என்ன என்று ஒன்றுமே தெரியாமல் போயிற்று. பஸ்ஸை விட்டு இறங்கி வந்து பிரஷர் பார்க்கக் கையை நீட்டினால்தான் மாத்திரை என்று கண்டக்டரிடம் அண்ணன் சொல்லிவிட்டார். மறு ஆய்வன்று முன்வரிசையில் யாரையும் உட்காரவைக்கவில்லை. வந்திருந்தவர்கள் எல்லோரும் ஆய்வாளரைச் சூழ்ந்துகொண்டு ஒரு மணி நேரம் குறை சொன்னார்கள். இப்போதெல்லாம் பேரையும் பிறந்த தேதியையும் மூன்று இடத்தில் கேட்கிறார்கள். நம்மைத் தெரியாதவர்கள் மாதிரி நடிக்கிறார்கள். எதற்கெடுத்தாலும் ஊசியைக் குத்தி ரத்தம் எடுக்கிறார்கள். ஆய்வாளர் முகத்தை ரொம்பக் கடுமையாக வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ‘நன்று’ என்று உரிமம் வந்தது.

டாக்டரம்மா அவருக்கு ஒரு நன்றிக் கடிதம் எழுதினார். நான்கே வரி. ஒரு வாரத்தில் அது திரும்பி வந்தது. ஆய்வுக்குட்பட்ட நிறுவனங்களிடமிருந்து பாராட்டு, அன்பளிப்பு, நன்றி முதலியவற்றை அலுவலர்கள் ஏற்றுக்கொள்ள விதியில் இடமில்லை என்று மேலே முத்திரை குத்தியிருந்தது. அண்ணன்கூட இந்த அளவுக்குப் போனதில்லை என்றார் தம்பி டாக்டர்.

மாத ரத்தப் பரிசோதனைக்கு வந்த தையல்காரர் மனைவி இதைக் கேட்டார். இப்போதெல்லாம் அவர் தனியாகத்தான் வருகிறார். “நான் நிறுவனம் இல்லையே,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த திங்கட்கிழமை கடையை அரைநாள் கணவரிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி, அந்த அலுவலகத்துக்குப் போனார். ஆய்வாளர் வெளியூரில் ஏதோ ஆய்வுக்குப் போயிருந்தார். சொல்லிவிட்டுப் போகலாமா என்று கேட்டதற்கு, வாய்வார்த்தையாக எதையும் பெற முடியாது, எழுத்தில் தரவேண்டும் என்றார் கவுன்டரில் இருந்த குமாஸ்தா. எதில் எழுதுவது? அவரிடம் ஒரே ஒரு படிவம்தான் இருந்தது, புகார்ப் படிவம். பரவாயில்லை என்று வாங்கிக்கொண்டு, பெஞ்சில் உட்கார்ந்து, காஜா எடுக்கிற அதே கவனத்தோடு ஒவ்வொரு கட்டமாக நிரப்பினார். யார் மீது என்ற இடத்தில், ஜலதோஷத்தோடு வந்த ஆய்வாளர் அம்மா என்று எழுதினார். சம்பவம் நடந்த இடம், கிளினிக். புகாரின் விவரம் என்ற பெரிய கட்டத்தில் ஒரே வரி எழுதினார்: ‘அவர் வந்ததால் நான் உயிரோடு இருக்கிறேன்.’

குமாஸ்தா படித்துப் பார்த்தார். திருப்பித் தர விதியில் இடமில்லை; கையெழுத்தும் தேதியும் சரியாக இருந்தன. முத்திரை குத்தி, எண் போட்டு, ரசீது கிழித்துக் கொடுத்தார். எந்தப் புகாருக்கும் முப்பது நாளுக்குள் விசாரித்துப் பதில் சொல்லியாக வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் ஒழுங்கு.

இருபத்தொன்பதாம் நாள் தையல் கடைக்குப் பதில் வந்தது. ‘தங்கள் புகார் முறைப்படி விசாரிக்கப்பட்டது. அதில் கூறப்பட்டுள்ளது உண்மை எனக் கண்டறியப்பட்டுள்ளது.’